கம்மி என்று நான் சொன்ன ஆபத்து

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ டெல்லியிலிருந்து போன் செய்தபோது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சு வலியோடு வந்தார் என்றாய். வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டுக் கூட்டினாயாம். ஆபத்து குறைந்த பிரிவில்தான் வந்தார், சாதாரண வார்டுக்கு அனுப்பினேன், மறுநாள் இறந்துவிட்டார் என்றாய். "நான் எங்கம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாய். முப்பது வருஷத்துக்கு மேல் டாக்டராக இருந்தவள் நான். "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்க வந்தது. நீ போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். நீ கேட்ட அதே கேள்வியை நான் எனக்குள் கேட்டுக்கொண்டு, அதற்குப் பாதிப் பதிலை மட்டும் வீட்டாரிடம் சொல்லி, மீதியை மறைத்து வைத்திருந்தேன். அதை இப்போது உனக்கு எழுதுகிறேன். உன் அப்பாவிடம் நேற்றுதான் சொன்னேன். அவர், "அவனுக்கும் எழுது" என்றார்.

உன் தாத்தா எப்படி இறந்தார் என்று உனக்குச் சொல்லி வைத்திருப்பது இவ்வளவுதான்: மாரடைப்பு வந்தது, ரோடெல்லாம் மறியல், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. மாரடைப்பு வந்தது உண்மை. மறியல் நடந்ததும் உண்மை. ஆனால் வண்டி போனது, கண்ணு. நான்தான் அனுப்பினேன். அதில் வேறொருவர் போனார்.

இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் மறியல் நடந்த சமயம் அது. நான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நீ என் வயிற்றில் ஏழு மாசம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடைகள் பாதி மூடியிருந்தன. உன் பெரியப்பாவும் மறியலில் இருந்தார். அவருடைய பெரிய பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தும் கேட்ட படிப்பு கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷம் அது. அதனால் அவர் வேலை வெட்டியையெல்லாம் விட்டுவிட்டுப் போய்விட்டார். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "மரத்த வெட்டிப் போட்டா படிப்பு வந்துடுமா?" என்று கேட்டிருக்கிறார். "நீ மண்ணக் கட்டிக்கினு அழுத, எம்புள்ளையும் அதே மாதிரி அழணுமா?" என்று பெரியப்பா திருப்பிக் கேட்டிருக்கிறார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. தாத்தா மணலூர்பேட்டையில் கரும்பை அப்படியே விட்டுவிட்டு, மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று காரணம் சொல்லிக்கொண்டு எங்களோடு வந்து தங்கிவிட்டார். வந்த மூன்றாம் நாள் பஸ்கள் நின்றன.

அன்று காலை எட்டு மணிக்கு நான் வெளிநோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். உன் அப்பா தாத்தாவைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். தாத்தா நெஞ்சின் நடுவில் கையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. "யாரோ கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குதும்மா" என்றார். கட்டிலில் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தேன். இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு என்று அந்தக் காகிதம் தெளிவாகச் சொன்னது. ஆனால் மற்றதெல்லாம் ஆறுதலாக இருந்தது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. நாடி அறுபத்தாறு. நுரையீரலில் நீர் கோத்த சத்தம் இல்லை. கை கால் வெதுவெதுப்பாக இருந்தன. சர்க்கரை வியாதி கிடையாது. மாத்திரைகள் கொடுத்து ஊசியும் போட்ட பிறகு அரைமணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. இன்று நீ போடுகிற மதிப்பெண்ணை அன்று அவருக்குப் போட்டிருந்தாலும் ரொம்பக் குறைவாகத்தான் வந்திருக்கும்.

ஒன்பது மணிக்கு இன்னொருத்தி வந்தாள். பேர் அஞ்சலை, ஐம்பத்தைந்து வயது இருக்கும். கல்வராயன்மலை அடிவாரத்தில் கூலி வேலை செய்கிறவள். கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் மகன் முருகேசனும் ஊர்க்காரர் மூன்று பேரும் கயிற்றுக் கட்டிலில் கச்சிராயபாளையம் வரை தூக்கி வந்து, அங்கிருந்து ஒரு டிராக்டரில் ஏற்றி வந்தார்கள். "மாரு வலிக்குதா?" என்று கேட்டேன். "வலி இல்லம்மா. மூச்சுதான் வுட முடியல. வவுறு என்னமோ பண்ணுது. எனுக்கு ஒண்ணும் இல்ல, இவன்தான் பயந்துக்கினு தூக்கியாந்துட்டான்" என்றாள். அவள் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நாடி நூற்று இருபதுக்கு மேல். ரத்த அழுத்தம் தொண்ணூறைத் தொடவில்லை. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் பாதி உயரம் வரை கொரகொர என்று சத்தம். ஈசிஜியில் முன்சுவர் முழுக்க அடிபட்டிருந்தது. சிறுநீரில் சர்க்கரை ஏராளம். வலியே இல்லை என்று சொன்னவள்தான் சாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். வலி எவ்வளவு என்பது வேறு, ஆபத்து எவ்வளவு என்பது வேறு. புத்தகத்தில் நூறு தடவை படித்திருந்தும், அந்த இரண்டு கட்டில்களுக்கு நடுவில் நின்றபோதுதான் அது எனக்கு முழுசாக விளங்கியது.

ஆஸ்பத்திரியில் ஓடுகிற நிலையில் ஒரே ஒரு ஜீப் இருந்தது. பின்னால் ஒருவரைத்தான் படுக்க வைக்கலாம். ஆக்சிஜன் உருளையும் ஒன்றுதான். புதுச்சேரிக்குக் கொண்டுபோனால் அங்கே இதயத்துக்கென்று தனி வார்டு உண்டு. துடிப்பு நின்றால் மின்சாரம் கொடுத்து ஓட்டுகிற கருவியும் உண்டு. எங்களிடம் அது கிடையாது. உடம்புக்கு முடியாதவர்களை மறியல்காரர்கள் விட்டுவிடுகிறார்கள் என்று டிரைவர் ஏழுமலை சொன்னார். உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரை அனுப்பப் போற?" என்று மட்டும் கேட்டார். "அந்தம்மாவ" என்றேன். "அப்பா?" என்றார். "அவருக்கு ஆபத்து கம்மிங்க. அந்தம்மா இங்க இருந்தா இன்னிக்கே போயிடுவாங்க." அவர் தலையாட்டினார். கண்ணு, அந்த முடிவில் எனக்கு இன்று வரைக்கும் சந்தேகம் வந்ததில்லை. மறுபடி அந்தக் காலை வந்தாலும் அஞ்சலையைத்தான் ஏற்றுவேன். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்தவை வேறு.

தாத்தா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இன்னாம்மா சொல்லுது மெஷினு?" என்று கேட்டார். "சின்ன அடைப்புதான் மாமா. பயப்பட ஒண்ணுமே இல்ல" என்றேன். ஆபத்து குறைவு என்பது எனக்குத் தெரிந்த விஷயம். ஒண்ணுமே இல்லை என்பது என் வாயிலிருந்து வந்த சொல். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நான் யோசிக்கவில்லை. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "பெரியவன வரச் சொல்லட்டா? அவங்கிட்ட ரெண்டு வார்த்த பேசணும்" என்றார். "எதுக்கு மாமா? நாலு நாள்ல நீங்களே வூட்டுக்குப் போயி பேசுங்க" என்றேன். அவர் என்னை நம்பினார். டாக்டர் சொல்கிறாள், அதுவும் வீட்டு டாக்டர். கண்ணை மூடிக்கொண்டார்.

ஜீப் கிளம்பும்போது ஏழுமலை என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மா, ஒங்க வூட்டுப் பெரியவரு உளுந்தூர்பேட்டை கூட்ரோட்டுலதான் இருக்காராம். அந்த வழியாத்தான் போறேன். அப்பாருக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போட்டுங்களா?" நான் "வேணாம் ஏழுமலை" என்றேன். "ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் அவர பயமுறுத்தணும்? கேட்டாலும் சொல்லாதீங்க." ஏன் அப்படிச் சொன்னேன்? பெரியப்பா வந்தால், சொந்த மாமனாரை விட்டுவிட்டு யாரோ ஒருத்தியை ஏன் ஏற்றினாய் என்று கேட்பார், கூட்டம் கூடும், எனக்குப் பதில் சொல்லத் தெம்பு இருக்காது என்ற பயம் இருந்தது. அதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. நோயாளிக்கு அமைதி வேண்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் தாத்தாவின் நாடியைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. காலையில் அறுபத்தாறு இருந்தது. கீழ்ச்சுவர் அடைப்பில் துடிப்பு குறைந்துகொண்டே போனால் அது ஒரு எச்சரிக்கை என்று எனக்குத் தெரியும். இன்னொரு ஈசிஜி எடுத்திருக்க வேண்டும். மெஷின் பக்கத்து மேஜையிலேயே இருந்தது. தூங்குகிற மனுஷனுக்கு நாடி குறையத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு அதைத் தொடாமல் நகர்ந்துவிட்டேன். அந்தக் காகிதத்தில் வேறு ஏதாவது வந்துவிட்டால் அனுப்ப வண்டி இல்லையே என்ற பயம். பார்க்காவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று சின்னப் பிள்ளை மாதிரி நினைத்திருக்கிறேன். காலையில் போட்ட கணக்கு காலைக்குத்தான் பொருந்தும், கண்ணு. சாயங்காலம் அவர் வேறு நோயாளி. நான் காலை நோயாளிக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் இட்லி வேண்டாம், மோர் போதும் என்று சொல்லியிருக்கிறார். உன் அப்பா டம்ளரை நீட்டியபோது கை வரவில்லை. நர்ஸ் ஓடி வந்து கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது துடிப்பு நின்றிருந்தது. ஊசி போட்டேன். ஏழு மாச வயிற்றோடு கட்டிலில் முழங்காலை ஊன்றி நெஞ்சை அழுத்தினேன். கை ஓய்ந்ததும் நர்ஸ் அழுத்தினாள், பிறகு மறுபடி நான். இருபது நிமிஷத்துக்குப் பிறகு உன் அப்பாதான் என் தோளைத் தொட்டு, "போதும், எறங்கு" என்றார்.

மத்தியானம் ஏழுமலை ஜீப்போடு திரும்பி வந்தார். அஞ்சலை உயிரோடு போய்ச் சேர்ந்தாள், வார்டில் சேர்த்தாகிவிட்டது என்று சொல்லச் சந்தோஷமாக வந்தவர், தாத்தாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பெரியப்பாவை ஏற்றி வந்தார். பெரியப்பா தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் ஏழுமலையைப் பார்த்துக் கேட்டார். "நேத்து ஒன் ஜீப்பு எங்கிட்டதானய்யா நின்னுது? நாந்தான மரத்தத் தூக்கி வழி வுட்டேன்? எங்க டாக்டரம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டேனே, அப்பகூட ஒனக்குச் சொல்லத் தோணலியா? சொல்லியிருந்தா பொழுது சாயறதுக்குள்ள சைக்கிள மிதிச்சிக்கினு வந்து மூஞ்சியாவது பாத்திருப்பேனே!"

நான் அங்கேதான் நின்றிருந்தேன். நாலடி தூரம். ஏழுமலை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அவசரத்துல மறந்துட்டேங்க. தப்புதாங்க" என்றார். பெரியப்பா அவரை நோக்கிக் காறித் துப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்கவில்லை, மறுநாள் மணலூர்பேட்டைக்கு மாட்டு வண்டியில் தாத்தாவைக் கொண்டுபோனபோதும் திறக்கவில்லை. வழியில் மறியல் பையன்களே ஓடி வந்து மரங்களை நகர்த்திக் கொடுத்தார்கள். பெண்ணையாற்றங்கரையில் எல்லாம் முடிந்தது. அப்புறம் நீ பிறந்தாய், பேர் வைத்தோம், வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு விசேஷத்திலும் பெரியப்பா யாரிடமாவது அந்த டிரைவரைத் திட்டாமல் இருந்ததில்லை. நான் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழுமலை ஆஸ்பத்திரியில் ஓய்வு பெறும் வரை என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ அந்த மனுஷருக்குப் போட்ட மதிப்பெண் தப்பாக இருக்காது. ஆபத்து குறைவு என்றால் அந்த மாதிரி நூறு பேர் வந்தால் ஒன்றிரண்டு பேர் போய்விடுவார்கள் என்றுதான் பொருள். அந்த ஒன்றிரண்டு பேரில் ஒருவர் உன் வார்டில் படுத்திருந்தார். அதற்கு நீ பொறுப்பில்லை. ஆனால் உன்னையே மூன்று விஷயம் கேட்டுக்கொள். மறுபடி போய்ப் பார்க்காமல் விட்டாயா? அவர் வீட்டாரிடம் ஆபத்து குறைவு என்று சொன்னாயா, ஆபத்தே இல்லை என்று சொன்னாயா? அவர் யாரையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டபோது நீ தடுத்தாயா? இந்த மூன்றிலும் நீ தவறவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கு. தவறியிருந்தால், அந்த வீட்டைத் தேடிப் போய்ச் சொல். என்னைப் போல வருஷங்களைக் கடத்தாதே. அஞ்சலை அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள், உனக்கு நினைவிருக்கும், பலாப்பழம் தூக்கிக்கொண்டு வருவாளே. அவள் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். அவளைப் பார்த்து எனக்கு ஒருநாளும் குற்ற உணர்வு வந்ததில்லை. ஏழுமலையை மார்க்கெட்டில் பார்த்தால்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் எனக்கும் நெஞ்சு இறுக்கம் வந்தது. நீ பதறாமல் முழுசாகப் படி. மாடிப்படி ஏறும்போது முதலில் வந்தது, அந்த வாரத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்தபோது இரண்டு தடவை வந்தது. புதுச்சேரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். ஈசிஜியில் லேசான மாற்றம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் இதயத் தசை சேதமானதற்கு அடையாளம் இல்லை. மருந்து ஆரம்பித்த பிறகு வலி வரவில்லை. வீட்டுக்கு வந்த நாலாம் நாள், அதாவது நேற்று, உன் பெரியப்பா என்னைப் பார்க்க வந்தார். எழுபத்தெட்டு வயதில் பஸ் ஏறி வந்திருந்தார். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏழுமலை மறக்கவில்லை, நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன், நீங்கள் அவரை நோக்கித் துப்பியபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "அந்த ஆளு உசுரோட இருக்காராம்மா?" என்று கேட்டார். "இருக்காரு. தியாகதுருகத்துல மக வூட்டுல இருக்காரு." "அப்ப வண்டிய வரச் சொல்லு" என்று எழுந்துவிட்டார்.

உன் அப்பா காரை வரவழைத்தார். மூன்று பேரும் போனோம். ஏழுமலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கண் சரியாகத் தெரியவில்லை. பெரியப்பா அவர் எதிரில் போய் நின்று, தான் யார் என்று சொல்லி, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா சொல்லல? இத்தினி வருசமா திட்டிக்கினே இருந்தேனே ஒன்ன" என்றார். ஏழுமலை சிரித்தார். "அம்மா அன்னிக்கு மாசமா இருந்தாங்க. காலையிலதான் அவ்ளோ நேரம் மார அழுத்தியிருக்காங்க, நிக்கவே முடியல அவங்களால. அந்த நேரத்துல அவங்கள இன்னான்னு காட்டிக் குடுக்கறது? நான் ரெண்டு வார்த்த வாங்கிக்கினா போவுதுன்னு வுட்டுட்டேன்" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இன்னாத்துக்கும்மா, உள்ள வாங்க" என்றார். அவர் மகள் எங்களைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். வரும் வழியில் பெரியப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நீ பயந்துட்டம்மா. அவ்ளோதான். ஆனா என்ன கூப்புட்டிருக்கணும்."

கூப்பிட்டிருக்கணும். அதனால் இப்போது உன்னைக் கூப்பிடுகிறேன். அடுத்த வாரம் புதன்கிழமை எனக்கு ஆஞ்சியோகிராம். தேவைப்பட்டால் அப்போதே ஸ்டென்ட் வைப்பார்கள். நீ கேட்பாய் என்று சொல்கிறேன்: வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, சிறுநீரகம் கொஞ்சம் மந்தம், நுரையீரல் சுத்தம், ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. ஈசிஜி நகலை இதோடு வைத்திருக்கிறேன். நீயே மதிப்பெண் போட்டுப் பார். நான் போட்டதில் நடுத்தரம் என்று வந்தது. பயந்து நடுங்க வேண்டிய அளவு இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லுகிற அளவும் இல்லை. போனில் நீ கேட்டால் பழக்கதோஷத்தில் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். கேட்டு வாங்கிக்கொண்டு புதன்கிழமைக்கு முன்னால் வந்துவிடு. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அம்மா